கரண்டு போனால் திரும்பி வரும் பக்கங்கள்

போன வாரம் என் மடிக்கணினி யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, அணைந்து, மறுபடி எழுந்தது. எழுந்த கையோடு பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியை நீட்டி, பழைய பக்கங்களை மீட்டெடுக்கவா என்று கேட்டது. பக்கத்தில் ஒரு நீலப் பொத்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் சூடு ஆறுகிற வாசனை சன்னல் வழியாக வந்தது. பொத்தானை அமுக்கப் போன என் விரல் அப்படியே நின்றுவிட்டது. மனைவி எட்டிப் பார்த்து, "இன்னா, அது உன்ன மொறைக்குதா, நீ அத மொறைக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டும் இல்லை. எனக்கு அணுபுரத்து சார் ஞாபகம் வந்துவிட்டார்.

அவரைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கடையைச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் பேருந்து நிலையத்திலிருந்து ரயிலடிக்குப் போகிற வழியில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் பிரவுசிங் சென்டர். கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை மேலே ஏறும். அதை அடக்க நாங்கள் மல்லிகை வாசனை ஸ்பிரே அடிப்போம். இரண்டும் கலந்தால் என்ன வாசனை வருமோ, அதுதான் எனக்கு இன்றைக்கும் இன்டர்நெட்டின் வாசனை. இப்போதும் உரக்கடையைத் தாண்டிப் போனால் விரல் நுனிகள் கீபோர்டைத் தேடும்.

கடை டில்லி அண்ணாத்தையுடையது. படாளத்தில் கரும்பு போட்டுச் சலித்துப்போய்க் கம்ப்யூட்டர் போட்டவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கிருந்த அறிவெல்லாம் பம்புசெட்டிலிருந்து வந்தது. "நிறுத்தி நிறுத்திப் போடாதடா, காயிலு போயிடும்" என்பார். யு.பி.எஸ். ஒன்று இருந்தது. அதன் பேட்டரி செத்து வெகுநாளாகியிருந்ததால், அதற்கு மேல் பட்டுத் துணி விரித்துப் பிள்ளையார் படத்தை வைத்திருந்தோம். கரண்டு விஷயத்தில் யு.பி.எஸ்.ஸைவிடப் பிள்ளையார் நம்பகமானவர் என்பது அண்ணாத்தையின் கட்சி.

நான் அங்கே 'சிஸ்டம் அட்மினிஸ்டிரேட்டர்'. இந்தப் பட்டத்தை நானே எனக்குச் சூட்டிக்கொண்டேன். மவுசின் வயிற்றைத் திறந்து உருண்டையில் படிந்திருக்கும் அழுக்கைச் சுரண்டுவது, கீபோர்டைக் கவிழ்த்துப் பிறரின் முறுக்குத் துகள்களைக் கொட்டுவது, ஒட்டுப்பலகைத் தடுப்புகளில் எழுதப்பட்ட காதல் அறிவிப்புகளை ஈரத்துணியால் அழிப்பது ஆகியவை அந்தப் பதவியின் பொறுப்புகள். கருங்குழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, இதைத்தான் செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பிரவுசரின் பீட்டா பதிப்பு வெளியானதை எங்கோ படித்தேன். முழுதாக முடியாத மென்பொருள். தைரியமுள்ளவர்கள் ஓட்டிப் பார்த்துத் தவறுகளைச் சொல்லலாம். அன்றாட வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அந்தக் கடைசி வரியை நீங்களாயிருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நான் அழைப்பிதழாக எடுத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் கடையைத் திறந்ததும் டவுன்லோடு போட்டுவிட்டு, போய் இட்லி தின்று, டீ குடித்து, தினசரியில் ராசிபலன்வரை படித்துவிட்டு வந்தேன். இறங்கி முடிந்திருந்தது. அன்றைக்கு மத்தியானத்துக்குள் கடையிலிருந்த அத்தனை மிஷினிலும் அது ஏறிவிட்டது.

பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. தப்பாக அடித்த இங்கிலீஷ் சொல்லுக்குக் கீழே சிவப்பாக நெளிகோடு போட்டது. என் பெயரை அடித்தேன், அதற்கும் போட்டது. ஊர்ப் பெயரை அடித்தேன், அதற்கும். நைனா பெயரைச் சோதிக்க மனம் வரவில்லை. இன்னொரு வித்தை, நடுவில் கரண்டு போய்த் திரும்பினால், திறந்திருந்த பக்கங்களையெல்லாம் பாதி அடித்த எழுத்தோடு மீட்டுத் தரவா என்று கேட்டது. மின்வெட்டு இல்லாத தேசத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் கஷ்டத்தை யாரோ யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

தவறுகளைத் தெரிவிக்க ஒரு பக்கம் இருந்தது. அதில் நான் கட்டுரை கட்டுரையாக எழுதினேன். கரும்பு லாரி போகும்போது திரை நடுங்குகிறது என்றுகூட ஒரு புகார் அனுப்பினேன். உடனுக்குடன் நன்றி மடல் வந்தது. முதல் மடலைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினேன். மூன்றாவது முறையும் அதே சொற்களில் நன்றி வந்தபோது, பாவம், அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் சொல்வளம் குறைந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். அது மிஷின் தானாக அனுப்புவது என்று புரிந்தபோது லேமினேஷனை என்ன செய்வதென்று தெரியவில்லை. மாட்டியது மாட்டியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டிலும் பெருமையடித்துக்கொண்டேன். நைனா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"இன்னா வேலைடா அது?"

"இன்னும் முடியாத சாஃப்ட்வேர ஓட்டிப் பாத்து, தப்பு கண்டுபுடிக்கணும் நைனா."

"சம்பளம்?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப புதுசா ஒண்ணும் இல்ல. இந்த வூட்ல உங்கம்மா அந்த வேலையத்தான் பாத்துகினு கீறா."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "கண்டுபுடிச்சி இன்னாத்துக்கு ஆவுது? திருந்துனாத்தான?"

ஒரு விடுமுறையன்று மாமல்லபுரம் வரைகூடப் போனேன். அங்கே வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் வீட்டுக்கு வீடு பிரவுசிங் சென்டர். எங்கேயாவது என்னைப்போல் ஒரு சோதனையாளன் இருக்கிறானா என்று நோட்டம் விடத்தான் போனது. ஒரு கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரரிடம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நான் இன்ன பிரவுசரைச் சோதிப்பவன் என்று அறிமுகம் செய்துகொண்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு எழுந்து, இந்தப் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது, எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போய்விட்டேன்.

இனி அணுபுரத்து சார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்திலிருந்து சனிக்கிழமை தோறும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வருவார். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, கையில் குடை, மழையோ வெயிலோ. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அவர் வீட்டுப் பக்கமே மெயில் பார்க்க இடம் இருந்திருக்கும். எங்கள் கடைக்கு வந்ததற்கு, இங்கே அவரை யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம்.

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். திரையைப் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டோ, தடுப்புக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டோ படபடவென்று அடிப்பார். கடை முழுக்கக் கேட்கும். ஒரு வரி முடிந்தது என்று அவருக்குத் தோன்றினால், இடது கை தானாக எழுந்து, டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குத் தள்ளுகிற, இங்கே இல்லாத ஒரு நெம்புகோலைத் தள்ளப் போகும். பாதி வழியில் அதற்கே வெட்கம் வந்து கீழே இறங்கிவிடும். பாரா தொடங்கும்போது டேப் கட்டையைத் தட்டுகிற பழக்கமும் உண்டு. முதல் நாளே அதைப் பார்த்து, "சார், அத அமுக்குனா கர்சர் வேற எங்கனா போயிடும். ஸ்பேஸ் அடிச்சி தள்ளிக்குங்க" என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதன்பிறகு கவனமாகத்தான் இருந்தார்.

இவ்வளவு வேகமாக அடிப்பவர் ஒரு மெயிலைக்கூட அனுப்பியதில்லை. ஒரு பாரா அடிப்பார். அழிப்பார். மறுபடி அதே பாராவை வேறு மாதிரி அடிப்பார். அதற்குள் கரண்டு போய்விடும். அந்தக் காலத்துச் சனிக்கிழமைகளில் அது ஒரு சடங்கு மாதிரி. அண்ணாத்த அவரை விடமாட்டார்.

"சார், கரண்டு செய்யிற எடத்துலருந்து வர்றீங்க. வரும்போது ஒரு தூக்குல கொஞ்சம் எடுத்துனு வரக்கூடாதா?"

"நான் அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன்யா."

"அப்ப கணக்குலயாவது கொஞ்சம் நம்ம பக்கம் தள்ளி வுடுங்க."

சார் சிரிக்காமல் இருக்கப் பார்ப்பார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "சரி, இன்னைக்கு இவ்வளவுதான்" என்று இறங்கிப் போவார்.

கரண்டு போனால் அந்தக் கடையில் பகலிலும் இருட்டுதான். சன்னல்களை ஒட்டுப்பலகை மறைத்திருந்தது. ஃபேன் நின்று, மிஷின்களின் இரைச்சல் நின்று, கீழே உரக்கடையில் மூட்டை இழுக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். அப்படி ஓர் இருட்டில்தான் ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"என் மவ அமெரிக்காவுல இருக்காப்பா. எங்ககிட்ட சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டா. வீட்டுப் பக்கமே வராதன்னு சொல்லிட்டேன். மூணு வருசமாப் பேச்சு இல்ல. இப்ப அவளுக்கு ஒரு பிள்ளை பொறந்திருக்காம், யாரோ சொல்லித் தெரியுது."

"எழுதுங்க சார்" என்றேன்.

"எழுதத்தான் வாறேன். வீட்ல அவ அம்மை வாசல்லயே நின்னு அனுப்பிச்சீங்களான்னு கேப்பா. கரண்டு போயிட்டுன்னு சொல்லிருவேன்."

அவர் குரலில் இருந்ததை நான் வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் பையன்களுக்கு வருமே ஒரு நிம்மதி, அதுதான் அது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. அப்போது நான் சோதனையாளன் அல்லவா? எனக்கு எல்லாமே சரிசெய்ய வேண்டிய பிழைகளாகத்தான் தெரிந்தன. பீட்டா ஏற்றிய அன்று முதலில் நினைத்ததே அவரைத்தான். இனிமேல் சாருடைய பாரா காணாமல் போகாது.

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. சார் வழக்கம்போல அடித்தார், அழித்தார், அடித்தார். வழக்கம்போல கரண்டு போயிற்று. குடையை எடுத்தார். அண்ணாத்த வழிமறித்தார்.

"இந்த மழைல எங்க போறீங்க? பஸ் ஸ்டாண்டுல முழங்கால் தண்ணி கீது. மழை வுடட்டும் சார். குந்துங்க, டீ சொல்றேன்."

உட்கார்ந்தார். டீ வந்தது. இருட்டில் மூன்று பேரும் குடித்தோம். கடைசி மிடறுக்குச் சரியாகக் கரண்டு வந்தது. நான் ஓடிப்போய் அவருடைய மிஷினைத் தட்டி எழுப்பினேன். பிரவுசர் கேட்டது, மீட்டெடுக்கவா? பின்னே? அமுக்கினேன். அவருடைய மெயில் பக்கம் விட்ட இடத்திலேயே வந்து நின்றது, ஓர் எழுத்துக் குறையாமல், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், வரிக்கு வரி சிவப்பு நெளிகோடு.

"சார், வந்து பாருங்க!"

அவர் வந்து பார்த்தார். தொலைந்த பொருள் கிடைத்தவர் முகமாக அது இல்லை. செத்தவர் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

"இத யாரு திரும்பக் கொண்டாரச் சொன்னா?"

"புது பிரவுசரு சார். போனது எல்லாம் வந்துடும்."

"போனது போனதா இருக்கணும்லா?" என்றார். பிறகு திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே என்ன பெரிய விஷயம் எழுதியிருந்தது? நான் படிக்கக் கூடாதுதான். ஆனால் முகத்துக்கு நேரே இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஸ்கூட்டரை விற்றுவிட்டோம். கொல்லையில் முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. கடைசி வரி மட்டும், "unnidam oru vishayam solla vendum." அங்கேதான் கரண்டு போயிருந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். முதல்முறையாக அவர் அழிக்கவில்லை. விரல்கள் கீபோர்டில் இறங்கின. அண்ணாத்தகூடப் பேச்சை நிறுத்திவிட்டார். சார் புது பாராவுக்குப் போனார். நான் சொல்லிக் கொடுத்த ஸ்பேஸெல்லாம் அந்த நேரத்தில் எங்கே ஞாபகமிருக்கும்? எத்தனையோ வருடப் பழக்கம், சுண்டுவிரல் தானாகப் போய் டேப் கட்டையைத் தட்டியது. கர்சர் எழுத்துப் பெட்டியிலிருந்து குதித்து, கீழே 'அனுப்பு' என்ற பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது. அவருக்குத் தெரியாது, கண் மூடியிருக்கிறதே. ஒரு சொல்லை அடித்தார். அது எங்கும் விழவில்லை. சொல் முடிந்ததும் ஸ்பேஸ் தட்டினார். அந்த ஒரு தட்டு பொத்தானை அமுக்கிவிட்டது.

உங்கள் மடல் அனுப்பப்பட்டது என்றது திரை.

அவர் இன்னும் இரண்டு வரி அடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

"ஏ தம்பி! போயிட்டுப்பா!"

"எங்க சார் போச்சு?"

"அவளுக்குப் போயிட்டு!"

"வயர புடுங்குடா!" என்று கத்தினார் அண்ணாத்த. பம்புசெட்டில் அது வேலை செய்யும். நானும் யோசிக்காமல் பாய்ந்து மோடத்திலிருந்து டெலிபோன் வயரைப் பிடுங்கிவிட்டேன். மற்ற கேபின்களிலிருந்து விதவிதமான வசவுகள் கிளம்பின. அண்ணாத்த என் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டார்: "நின்னுச்சா?"

"அது எப்பவோ அமெரிக்கா போயிடுச்சி அண்ணாத்த."

சார் குடையை எடுத்தார். மழை விடாமலே இறங்கிப் போனார். வீட்டில் வாசலில் நின்று கேட்ட மனைவியிடம் அன்று என்ன சொன்னாரோ. நான் என் கடமையைச் செய்தேன்: டேப் தட்டி ஸ்பேஸ் தட்டினால் மெயில் போய்விடுகிறது, உடனே சரிசெய்யவும், ஒரு குடும்ப விஷயம் என்று நீளமாகப் புகார் எழுதினேன். நன்றி வந்தது, அதே சொற்களில். அது பிழையே இல்லை, உலகத்தில் எல்லாப் பிரவுசரும் அப்படித்தான் என்பது பிறகு தெரிந்துகொண்டது.

அந்த ஒரு வாரமும் எனக்கு நிம்மதி இல்லை. முழங்கால், ஸ்கூட்டர், முருங்கை, பிறகு 'ஒரு விஷயம் சொல்ல வேண்டும்', அதோடு நின்றுவிட்ட ஒரு கடிதம். மூன்று வருடம் கழித்து அப்பனிடமிருந்து இப்படி ஒன்று வந்தால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? இதிலும் திட்டத்தான் வருகிறார் என்று மூடிவிட்டால்? அண்ணாத்தவும் கவலையில்தான் இருந்தார். அவர் பாணியில் பிள்ளையாருக்கு ஒரு ஊதுபத்தி கூடுதலாக ஏற்றினார்.

சனிக்கிழமை சார் வந்தார். மெயிலைத் திறந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பதில் வந்திருந்தது. ஒரே வரி.

"Enna vishayam appa?"

"கேக்காப்பா" என்றார். "என்ன விசயம்னு கேக்கா."

"அப்புறம் இன்னா சார்? அடிங்க!"

விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு வந்துதே, அந்த ரெண்டாவது பாரா. அத எடுத்துக் குடு. உன் பிரவுசருதான் போனதையெல்லாம் திரும்பக் கொண்டாருமே."

"அது எதுலயும் விழலியே சார். விழுந்தாத்தான் வரும்."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு எழுத்துகூட இல்ல சார்."

அவர் எழுந்தார். குடையைக்கூட எடுக்காமல் படியிறங்கினார். நான் ஒட்டுப்பலகையை விலக்கிச் சன்னல் வழியே பார்த்தேன். எதிர்ச்சாரியில் வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற ஐ.எஸ்.டி. பூத் ஒன்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து துண்டுச்சீட்டு எடுத்து எண்களைச் சுழற்றாத குறையாக ஒவ்வொன்றாக அமுக்கினார். அங்கே அப்போது விடியக்கூட இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அண்ணாத்தவும் என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு வாய் அசைந்தது. சத்தம் எங்களுக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரம் போனதும் அந்த இடது கை எழுந்தது. காற்றில் நெம்புகோலைத் தள்ளியது. பாதி வழியில் நிற்கவில்லை, வெட்கப்படவில்லை. கடைசிவரை தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனது. மறுபடி தள்ளியது. மறுபடி.

"பாரா பாராவா போவுது மச்சான்" என்றார் அண்ணாத்த. சந்தோஷம் வந்தால் அவருக்கு நான் மச்சான்.

அதன்பிறகு சார் எங்கள் கடைக்கு வரவில்லை. வரத் தேவையிருந்திருக்காது. குடை கடையில்தான் கிடந்தது. அண்ணாத்த அதை எடுத்து உபயோகித்தார், சார் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்லிக்கொண்டே. பீட்டா பிறகு முழுப் பதிப்பாயிற்று. என் லேமினேஷன் மஞ்சளாயிற்று. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்ததும் கடையை மூடி, மிஷின்களைக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்தோம். பிள்ளையார் மட்டும் அண்ணாத்தையோடு படாளம் போனார். ஐ.எஸ்.டி. பூத் இருந்த இடத்தில் இப்போது ஏ.டி.எம். ஒன்று, பாதி நாள் ஷட்டர் இறக்கியபடி நிற்கிறது. உரக்கடை அப்படியே இருக்கிறது. மல்லிகை வாசனை கலக்காத வெறும் மருந்து வாடையோடு.

நீலப் பொத்தானை ஒருவழியாக அமுக்கினேன். எல்லாம் வந்துவிட்டன: மின்கட்டண ரசீது, ஒரு மிக்ஸியின் விலை, அலுவலகத்துக்கு எழுதிய பாதி பதில். எதுவும் தொலையவில்லை. இப்போதெல்லாம் ஓர் எழுத்து அடித்தாலே எங்கோ பத்திரமாகிவிடுகிறது. கரண்டு போனால் இன்வர்ட்டர் பிடித்துக்கொள்கிறது; ஃபேன்கூடத் தயங்குவதில்லை. வீட்டுக்குப் போய், கரண்டு போயிட்டு, அதனால்தான் எழுதவில்லை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அது நல்லதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இருட்டு இருந்ததே, ஃபேன் நின்று, மூட்டை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டு, மழை வுடட்டும் சார் என்று ஒருவர் இன்னொருவரை உட்காரவைத்து, பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் தானாக வந்ததே, அதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது.